கம்பெனிக்கு ரவுட்டர் வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து நிறுவனங்களுக்கு நெட்வொர்க் அமைத்துத் தருவது என் தொழில். பின்னலாடை ஏற்றுமதி அலுவலகம், பவுண்டரி, நூல் மில், ஆடிட்டர் ஆபீஸ் என்று எங்கே போனாலும் ரவுட்டர் பற்றி எழும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை எழுதி, நான் சொல்லும் பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. ஏனுங்க, லைன் கொடுத்தவங்களே ஒரு பெட்டி வெச்சுட்டுப் போயிட்டாங்க. அதுவே போதாதா?

பத்துப் பேர் வேலை செய்யும் அலுவலகம், ஒரே லைன், கிளை கிடையாது, உள்ளே சர்வரும் கிடையாது என்றால் போதும். வீண் செலவு வேண்டாம்.

அந்தப் பெட்டி இரண்டு வேலை பார்க்கிறது. ஃபைபரில் வரும் ஒளியை நம் கம்ப்யூட்டருக்குப் புரியும் சிக்னலாக மாற்றுவது ஒன்று. எல்லாருக்கும் ஐபி (நெட்வொர்க் முகவரி) கொடுத்து வெளியே அனுப்பும் ரவுட்டர் வேலை இன்னொன்று. முதல் வேலையை நன்றாகவே செய்யும். இரண்டாவதில்தான் கை கட்டிப்போகும். இன்னொரு லைன் சேர்க்க வழியிருக்காது, கேமராவையும் கணக்குப் பிரிவையும் தனித்தனி வி.லேன்களாக (ஒரே கேபிளில் ஓடும் தனி நெட்வொர்க்குகளாக) பிரிக்க முடியாது, கிளையோடு வி.பி.என். (இணையத்தின் வழியே போகும் பூட்டிய தனிப் பாதை) போட முடியாது, கோளாறு வந்தால் எடுத்துப் பார்க்க லாக் (நடந்தவற்றின் பதிவு) இருக்காது. இதில் ஏதாவது ஒன்று தேவைப்பட்டாலும் சொந்த ரவுட்டர் வாங்குங்கள். வாங்கியபின் பழைய பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலையை விட்டு, சிக்னலை மாற்றுவதை மட்டும் செய்யும் நிலைக்கு) மாற்றித் தரும்படி லைன்காரரிடம் கேளுங்கள். இல்லையென்றால் இரண்டு பெட்டிகளும் அடுத்தடுத்து நேட் (உள் முகவரிகளை ஒரே வெளி முகவரியாக மாற்றுவது) செய்துகொண்டிருக்கும், வி.பி.என். போடும் அன்றைக்குத்தான் அதன் தொல்லை தெரியும்.

2. ரவுட்டர், ஃபயர்வால், லேயர் 3 சுவிட்ச்... மூணும் ஒரே வேலைதானே பண்ணுது?

மூன்றுமே ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்கு பேக்கெட்டை (டேட்டாவின் சிறு துண்டை) கடத்தும், குழப்பம் அதனால்தான். லேயர் 3 சுவிட்ச் அதைத் தனிச் சிப்பில் செய்வதால் போர்ட்டின் முழு வேகத்தில் ஓடும், ஆனால் பெரும்பாலான மாடல்களில் நேட்டும் வி.பி.என்.னும் இருக்காது. ஃபயர்வால் ஒவ்வொரு இணைப்பையும் நினைவில் வைத்து, உள்ளே என்ன போகிறது என்று பார்க்கும். ரவுட்டரின் கவனம் லைன்கள் மீது: எந்த லைனில் எதை அனுப்புவது, ஒன்று விழுந்தால் என்ன செய்வது, யாருக்கு எவ்வளவு பங்கு.

நூறு பேருக்குக் குறைவான அலுவலகத்தில் ரவுட்டரும் ஃபயர்வாலும் ஒரே பெட்டியாக இருப்பதுதான் இன்றைக்கு வழக்கம். உள்ளுக்குள்ளேயே பெரிய டிசைன் ஃபைல்களும் கேமரா பதிவும் ஓடும் இடமென்றால் அந்தப் பாரத்தை லேயர் 3 சுவிட்ச்சிடம் கொடுத்துவிடுங்கள். ரவுட்டர் பாதி விலையில் முடியும்.

3. எங்க ஆபீஸ்ல 60 பேர். பெட்டியில '100 யூசர்'னு போட்டிருக்கே, நம்பி வாங்கலாமா?

யூசர் என்பது ரவுட்டருக்குத் தெரியாத கணக்கு. அதற்குத் தெரிந்தது செஷன், அதாவது ஒரு கருவி வெளியே திறந்து வைத்திருக்கும் ஒவ்வோர் இணைப்பு. ஒரு மெர்ச்சண்டைசர் பிரவுசரில் பத்து டேப் திறந்து, மெயிலும் வாட்ஸ்அப் வெப்பும் ஓட, பக்கத்தில் போனையும் வைஃபையில் போட்டிருந்தால் அவர் ஒருவரே நூற்றுக்கணக்கான செஷன்களைப் பிடித்திருப்பார். மில்லில் நூல் இறக்கும் கேட்டில் உள்ள கம்ப்யூட்டரோ நாள் முழுக்க பத்து செஷனைத் தாண்டாது. இரண்டையும் ஒரு யூசர் என்று எண்ணினால் கணக்கு எப்படிச் சரியாக வரும்?

இப்போது இருக்கும் ரவுட்டரிலோ சுவிட்ச்சிலோ எஸ்.என்.எம்.பி.யை (பெட்டியின் பயன்பாட்டு அளவுகளை வெளியிலிருந்து படிக்கத் தரும் வசதி) திறந்து, ஒரு மாதம் கிராஃப் எடுத்துப் பாருங்கள். ஒரு வாரம் போதாது. ஜி.எஸ்.டி.ஆர்-1 தாக்கல் செய்யும் 11-ஆம் தேதி, 3பி தாக்கல் செய்யும் 20-ஆம் தேதி, சம்பள நாள், ஷிப்மெண்ட் நாள் எல்லாம் அதற்குள் வர வேண்டும். அந்த உச்சத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லாக் கேள்விக்கும் அது தேவைப்படும்.

4. டேட்டாஷீட்ல 10 ஜிபிபிஎஸ்னு போட்டிருக்கான். வாங்கி மாட்டினா 700 எம்பிபிஎஸ்கூடத் தாண்டல. ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்றவில்லை. முதல் வரியை மட்டும் படித்துவிட்டு வாங்கியிருக்கிறீர்கள். ஃபோர்டிநெட்டின் ஃபோர்டிகேட் 60எஃப் மாடலை எடுத்துக்கொள்வோம். ஃபயர்வால் வேகம் 10 ஜிபிபிஎஸ் என்று மேலே இருக்கும். அதே தாளில் கீழே வந்தால் ஊடுருவல் தடுப்பு போட்டால் 1.4 ஜிபிபிஎஸ், ஆப் கட்டுப்பாடும் சேர்ந்தால் 1 ஜிபிபிஎஸ், வைரஸ் தடுப்பும் சேர்ந்தால் 700 எம்பிபிஎஸ். எல்லாம் அச்சிட்டிருக்கிறது. நீங்கள் அந்த வசதிகளுக்காகத்தான் பெட்டியை வாங்கினீர்கள் என்றால் உங்களுக்கான எண் 700. அந்த 10 வேறு யாருக்கோ.

இரண்டாவது விஷயம் பேக்கெட்டின் அளவு. ரவுட்டருக்குக் களைப்பு தருவது எத்தனை பைட் என்பதல்ல, எத்தனை பேக்கெட் என்பது. ஒவ்வொன்றையும் பிரித்து, முகவரி பார்த்து, விதிகளோடு ஒப்பிட்டு அனுப்ப வேண்டும். 1 ஜிபிபிஎஸ் லைனை 1518 பைட் ஃபிரேம்களால் நிரப்பினால் வினாடிக்குச் சுமார் 81 ஆயிரம் பேக்கெட். அதே லைனை 64 பைட் ஃபிரேம்களால் நிரப்பினால் சுமார் 14.88 லட்சம். கல்யாண மண்டபத்தில் ஒரே ஆளுக்குப் பெரிய அண்டாவில் கொடுப்பதும், அதே சோற்றைப் பதினெட்டுப் பந்தியாகப் பரிமாறுவதும் போல. தொலைபேசிக் குரலும் டி.என்.எஸ். கேள்விகளும் (தளத்தின் பெயரைச் சொல்லி அதன் ஐபியைக் கேட்பவை) சின்னப் பேக்கெட்கள், ஃபைல் பதிவிறக்கம் பெரியது. அலுவலகத்தில் இரண்டும் கலந்துதான் ஓடும்.

இந்த விஷயத்தில் மைக்ரோடிக் நிறுவனத்தைப் பாராட்ட வேண்டும். 64, 512, 1518 என மூன்று அளவுக்கும் தனித்தனி எண். விதிகள் இல்லாமல் எவ்வளவு, 25 ஃபயர்வால் விதிகளோடு எவ்வளவு என்று ஒவ்வொரு மாடலுக்கும் அட்டவணை போடுகிறார்கள். 512 பைட், 25 விதிகள் சந்திக்கும் கட்டத்தைப் பாருங்கள். நடைமுறைக்கு நெருக்கமான எண் அது. அவர்களுடைய ஃபாஸ்ட்டிராக் வசதியைப் போட்டால் வேகம் எகிறும், ஆனால் அதன் வழியே போகும் டிராஃபிக் ஃபயர்வால் விதிகளையும் சாதாரண கியூக்களையும் (யாருக்கு எவ்வளவு வேகம் என்று பங்கு பிரிப்பவை) தாண்டிப் போய்விடும். எல்லாருக்கும் பங்கு பிரித்துவிட்டு ஃபாஸ்ட்டிராக்கையும் போட்டுவைத்த இடங்களைப் பார்த்திருக்கிறேன். பங்கீடு வேலையே செய்யாது.

5. அப்ப எங்க லைனுக்கு எவ்வளவு வேகமுள்ள பெட்டி வாங்கறது?

எல்லா லைன்களையும் கூட்டுங்கள். நீங்கள் போடப்போகும் எல்லா வசதியும் போட்ட நிலையில், மேலே சொன்ன கீழ்வரி எண் அந்தக் கூட்டுத்தொகையைப் போல ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். 300 எம்பிபிஎஸ், 200 எம்பிபிஎஸ் என இரண்டு லைன் என்றால் 750. லைன் வேகம் மூன்று ஆண்டில் எங்கே போய் நிற்கும் என்பதை மறக்காமல், முடிந்தால் இரண்டு மடங்கு. வி.பி.என். அதிகம் ஓடும் தலைமை அலுவலகத்துக்கு ஐபிசெக் (வி.பி.என்.னில் டேட்டாவைப் பூட்டி அனுப்பும் முறை) எண்ணைத் தனியாகப் பாருங்கள்.

6. சிஸ்கோ, ஜூனிப்பர், ஃபோர்டிநெட், மைக்ரோடிக். சுத்தி வளைக்காம சொல்லுங்க, எது நல்லது?

நான்கும் நல்ல பெட்டிகள். ஆனால் ஒரு சனிக்கிழமை மாலை 6 மணிக்கு அது நின்றுபோனால் உங்கள் ஊரில் யார் வந்து பார்ப்பார் என்ற கேள்விக்கு நான்கும் நான்கு விதமான பதில் தரும். நான் பெட்டிகளை ஒப்பிடுவது அதை வைத்துத்தான்.

சிஸ்கோவின் பலம் ஆள்பலம். அந்தக் கட்டளைகளைத் தெரிந்த இஞ்சினியர் எந்த ஊரிலும் கிடைப்பார். ஒப்பந்தம் போட்டால் மாற்றுப் பெட்டி அனுப்பும் ஏற்பாடு உண்டு. கிளை அலுவலகங்களுக்கு நெடுங்காலம் ஐ.எஸ்.ஆர். 4000 வரிசை ஓடியது. அதன் இடத்துக்கு 2020-இல் வந்தது கேட்டலிஸ்ட் 8000 வரிசை. பெட்டி விலையும் லைசென்ஸும் சேர்ந்து கனமாக வரும். வங்கி, மருத்துவமனை, வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஆடிட் வரும் நிறுவனம் என்றால் அந்தக் கனத்துக்கு அர்த்தம் இருக்கிறது.

ஜூனிப்பரின் ஜூனோஸ் மென்பொருள் மீது எனக்குத் தனி மரியாதை. மாற்றம் எதுவும் கமிட் (உறுதி செய்யும் கட்டளை) கொடுக்கும்வரை அமலுக்கு வராது. பழைய கான்ஃபிக் (செட்டிங்குகளின் பதிவு) 49 வரை பெட்டிக்குள்ளேயே இருக்கும். தவறு செய்யும் மனிதர்களை நினைத்து வடிவமைத்த மென்பொருள். ஆனால் நம் பக்கத்துச் சிறு ஊர்களில் அதைத் தெரிந்தவர் குறைவு. 2025 ஜூலையில் எச்.பி.இ. (ஹியூலெட் பேக்கர்டு என்டர்பிரைஸ்) அந்த நிறுவனத்தை வாங்கி முடித்ததால், அதன் நெட்வொர்க் பிராண்டான அருபாவும் ஜூனிப்பரும் இப்போது ஒரே கூரைக்குக் கீழே. புதிதாக வாங்குபவர்கள், தாங்கள் எடுக்கும் வரிசைக்கு எதுவரை ஆதரவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஃபோர்டிநெட் ஃபயர்வாலாகப் பிறந்து ரவுட்டர் வேலையையும் நன்றாகச் செய்வது. இரண்டு லைன், நான்கு கிளை, 80 பேர் என்கிற நடுத்தர நிறுவனத்துக்கு ஒரே பெட்டியில் எல்லாம் முடியும். லைன்களைப் பங்கிடும் எஸ்டி-வேன் அடிப்படை வசதிக்குத் தனி லைசென்ஸ் கேட்பதில்லை. மைக்ரோடிக் லாட்வியா நாட்டு நிறுவனம். ஆர்.பி.5009 போன்ற சின்னப் பெட்டி கொடுக்கும் வேலைக்கு அதன் விலை மிகக் குறைவு, சந்தாவும் கிடையாது. ஆனால் இரவில் போன் எடுக்கும் ஒப்பந்தத்தை அந்த நிறுவனம் விற்பதில்லை. நம்பகமான உள்ளூர் ஆளும், அலமாரியில் ஒரு ஸ்பேர் பெட்டியும் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

7. வருஷா வருஷம் லைசென்ஸ் பணம் எதுக்குங்க? கட்டலேன்னா பெட்டி நின்னுடுமா?

பெயர் ஒன்றுதான், பொருள் நான்கு. எந்த வகை என்று கொட்டேஷனில் எழுதச் சொல்லுங்கள்.

சில லைசென்ஸ் வேகத்தைத் திறப்பது. சிஸ்கோ ஐ.எஸ்.ஆர். 4331 பெட்டி 100 எம்பிபிஎஸ் வேகத்தோடு வந்தது. கூடுதல் லைசென்ஸ் போட்டால் 300. கேட்டலிஸ்ட் 8000 வரிசையிலும் அடுக்கு அடுக்காக வேகம்; அதோடு 250 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் வி.பி.என். வேண்டுமென்றால் எச்செக் என்று தனி அனுமதி. சில லைசென்ஸ் பாதுகாப்புப் பட்டியல்களைப் புதுப்பிப்பது. ஃபோர்டிநெட்டில் அது காலாவதியானால் ரவுட்டிங்கும் வி.பி.என்.னும் ஓடும், ஆனால் புது வைரஸ், புதுத் தாக்குதல் எதுவும் அதற்குத் தெரியாது. மூன்றாவது வகை, பெட்டியின் உயிரே சந்தாவில் இருப்பது. சிஸ்கோ 2012-இல் வாங்கிய மெராக்கியில், எல்லா லைசென்ஸும் ஒரே நாளில் முடியும் முறையில், 30 நாள் அவகாசம் தாண்டினால் நெட்வொர்க்கே நின்றுவிடும். நான்காவது மைக்ரோடிக் போல, பெட்டியோடு வாழ்நாளுக்கும் வருவது.

மூன்றாவது வகையை வாங்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஐ.டி. ஆள் இல்லாத முப்பது கடைகளை ஒரே திரையில் பார்க்க அது அருமையானது. ஆனால் புதுப்பிக்கும் தேதி அக்கவுண்ட்ஸ் மேனேஜரின் காலண்டரில் இருக்க வேண்டும். ரவுட்டர் போட்டவரின் மெயிலில் மட்டும் இருந்தால், அவர் வேலையை விட்டுப் போன வருடம் சிக்கல்.

8. ஒருத்தர் 45 ஆயிரம்ங்கறார், இன்னொருத்தர் ரெண்டரை லட்சம்ங்கறார். எப்படிங்க ஒப்பிடறது?

ஐந்து ஆண்டுக்கு விரித்துப் போடுங்கள். எண்கள் உதாரணத்துக்கு மட்டும். முதல் பெட்டி 45,000; சந்தா இல்லை; ஸ்பேராக இன்னொன்று 45,000; அதைக் கவனிக்கும் ஆளுக்கு ஏ.எம்.சி. (பராமரிப்பு ஒப்பந்தம்) ஆண்டுக்கு 30,000. மொத்தம் 2,40,000. இரண்டாவது பெட்டி 80,000. ஆண்டுச் சந்தா 35,000 வீதம் ஐந்து ஆண்டுக்கு 1,75,000. மாற்றுப் பெட்டி ஒப்பந்தத்திலேயே வருவதால் ஏ.எம்.சி. ஆண்டுக்கு 15,000. மொத்தம் 3,30,000. இரண்டரை லட்சத்துக்கும் நாற்பத்தைந்தாயிரத்துக்கும் இருந்த மலை இறங்கி, மாதம் 1,500 ரூபாய் வித்தியாசமாக நிற்கிறது. 60 பேர் அரை நாள் கைகட்டி உட்கார்ந்தால் என்ன இழப்பு என்பதை அதன் பக்கத்தில் வைத்து முடிவு செய்யுங்கள். சில நேரம் முதல் பெட்டியே சரியாக வரும்.

இரண்டு கொட்டேஷனிலும் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் சேர்த்தும் ஒன்றில் சேர்க்காமலும் இருப்பது சகஜம்.

9. செகண்ட் ஹேண்ட்ல சிஸ்கோ பாதி விலைக்குக் கிடைக்குது. எடுக்கலாமா?

படிக்க, பழக, ஆய்வகத்தில் வைக்க எடுக்கலாம். கம்பெனியின் வாசலில் வைக்க வேண்டாம். சப்போர்ட் ஒப்பந்தம் கைமாறி வராது, மென்பொருள் புதுப்பிப்புக்கு வழி அடைபடும். வரிசையே ஆயுள் முடிந்ததாக இருந்தால் இன்னும் மோசம்: சிஸ்கோவின் ஆர்.வி. வரிசைச் சிறு ரவுட்டர்களில் கடுமையான ஓட்டைகள் வெளியானபோது, ஆயுள் முடிந்த மாடல்களுக்குத் திருத்தம் தரமாட்டோம் என்று அந்த நிறுவனமே அறிவித்துவிட்டது. அவற்றில் பல இன்னும் சந்தையில் சுற்றுகின்றன.

போலியும் உண்டு. 2020-இல் எஃப்-செக்யூர் நிறுவனம் வெளியிட்ட ஆய்வில், சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960-எக்ஸ் சுவிட்ச்சின் போலிகள் அசலைப் போலவே ஓடி, மென்பொருள் புதுப்பித்ததும் நின்றுபோனதால்தான் பிடிபட்டன. புதிய பெட்டி வாங்கும்போதும் சீரியல் எண்ணை இன்வாய்ஸில் எழுதி வாங்கி, உங்கள் நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

10. ரெண்டு கம்பெனி லைன் எடுத்தும், ஒண்ணு போனா இன்னொண்ணுக்குத் தானா மாற மாட்டேங்குது.

ரவுட்டர் தன் போர்ட்டில் வெளிச்சம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும். லைன்காரரின் பெட்டி உங்கள் அறையில் கரண்டோடு இருப்பதால் அந்த வெளிச்சம் அணையாது. அறுந்தது நாலு தெரு தள்ளி. அதனால் வெளியே இருக்கும் இரண்டு மூன்று முகவரிகளை அந்தந்த லைன் வழியாகவே பிங் செய்து (பதில் வருகிறதா என்று தட்டி) பார்க்கும்படி அமைக்க வேண்டும். ஒரே ஒரு முகவரியை நம்பினால் அது பதில் சொல்லாத நாளில் நல்ல லைனும் கீழே இறங்கிவிடும். எந்த ரவுட்டரை ஒப்பிட்டாலும் இந்தச் சோதனை எத்தனை முகவரிகளை ஏற்கும், தவறினால் எத்தனை வினாடியில் மாறும் என்று கேளுங்கள்.

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி அலுவலகத்துக்கு இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் லைன் போட்டு, எல்லாம் சோதித்து ஒப்படைத்தேன். சாக்கடைக்குத் தோண்டிய ஜே.சி.பி. இரண்டையும் ஒரே வாளியில் அள்ளியது. இரண்டு கேபிளும் ஒரே குழியில் வந்திருந்தன. அன்றிலிருந்து லைன் எந்தப் பக்கம் வருகிறது என்று நானே தெருவில் நடந்து பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுகிறேன். இரண்டும் ஒரே கம்பம் என்றால் மூன்றாவதாக ஒரு 5ஜி சிம் வைப்பதே வழி. ரவுட்டரில் அதற்கு இடமிருக்கிறதா என்பதையும் ஒப்பீட்டில் சேருங்கள்.

11. கிளையில வி.பி.என். கனெக்ட்டே ஆகமாட்டேங்குது. ரவுட்டர் சரியில்லையோ?

முதலில் ரவுட்டரின் வெளிப்புற ஐபியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால், உங்களுக்குப் பொது முகவரி தரப்படவில்லை. லைன்காரர் பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறார். வெளியிலிருந்து உங்கள் பெட்டியைக் கூப்பிடவே முடியாது. எந்த ரவுட்டர் வாங்கினாலும் இது மாறாது.

தலைமை அலுவலகத்தில் மட்டுமாவது நிலையான பொது ஐபி வாங்குங்கள். கிளை அங்கே தானாகக் கூப்பிடும்படி ஐ.கே.இ. இரண்டாம் பதிப்பு, வயர்கார்டு என்ற வி.பி.என். முறைகளில் ஒன்றில் அமைத்தால் வேலை நடக்கும்.

12. வி.பி.என். பச்சை காட்டுது, பிங்கும் போகுது. ஆனா ஈ.ஆர்.பி. (கம்பெனி நிர்வாக மென்பொருள்) பக்கம் பாதியில சுத்திக்கிட்டே நிக்குது. என்னதான் பிரச்சினை?

எம்.டி.யு., அதாவது ஒரு பேக்கெட் இருக்கக்கூடிய அதிகபட்ச அளவு. இரண்டு நாள் ஒரு இஞ்சினியரை அலைக்கழித்துவிடும் கோளாறு, ஒரே வரியில் தீரும். ஈதர்நெட்டில் ஒரு பேக்கெட் 1500 பைட் வரை போகலாம். பி.பி.பி.ஓ.இ. (யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையும்) லைன் என்றால் 8 பைட் அதற்குப் போய் 1492. அதன்மேல் ஐபிசெக் தன் உறையைப் போர்த்தும்போது இன்னும் குறையும். பிங் சின்னப் பேக்கெட் என்பதால் தாராளமாகப் போகிறது, ஈ.ஆர்.பி. அனுப்பும் பெரிய பேக்கெட் வழியில் கொள்ளாமல் விழுகிறது. "பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கு" என்று திரும்பி வர வேண்டிய ஐ.சி.எம்.பி. (நெட்வொர்க்கின் பிழை அறிவிப்பு) செய்தியை யாரோ ஃபயர்வாலில் அடைத்திருப்பார்கள்.

டனலில் (வி.பி.என். பாதையில்) டி.சி.பி. எம்.எஸ்.எஸ். (ஒரு பேக்கெட்டில் ஏற்றும் டேட்டா) அளவை 1360 என்று கட்டுப்படுத்திவிடுங்கள். வெறும் பி.பி.பி.ஓ.இ. என்றால் 1452. நான் குறிப்பிட்ட நான்கு நிறுவனங்களின் பெட்டிகளிலும் இந்த வசதி உண்டு. சில மலிவுப் பெட்டிகளில் கிடையாது. வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகளில் இதை நான் விடுவதே இல்லை.

13. எஸ்டி-வேன் போடுங்க போடுங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. எங்களுக்கு வேணுமா?

மூன்று கிளை என்றால் வேண்டாம். சாதாரண ஐபிசெக்கும், 10-ஆம் கேள்வியில் சொன்ன லைன் சோதனையும் போதும். பதினைந்து, இருபது கிளை வந்ததும் கதை மாறும். ஒவ்வொரு பெட்டியிலும் தனித்தனியாகக் கை வைப்பது தப்புக்கு வழி. ஒரே இடத்தில் கொள்கையை எழுதி எல்லாக் கிளைக்கும் அனுப்புவதும், எந்த லைனில் தாமதம் குறைவோ அதில் குரலை விடுவதும் அப்போது பணம் கொடுத்து வாங்கத் தகுந்தவை. சிஸ்கோ 2017-இல் விப்டெலாவையும், எச்.பி.இ. 2020-இல் சில்வர் பீக்கையும் வாங்கியது இந்தச் சந்தைக்காகத்தான். கட்டுப்பாட்டு மென்பொருள் யாருடைய சர்வரில் ஓடும், சந்தா முடிந்தால் என்ன ஆகும் என்று 7-ஆம் கேள்வியை இங்கேயும் கேளுங்கள்.

14. மீட்டிங்ல இருக்கும்போது யாராவது ஃபைல் அனுப்பினா குரல் கட்டாகுது. பெரிய ரவுட்டர் வாங்கினா சரியாகுமா?

பெரும்பாலும் ஆகாது. ஜி.711 என்ற குரல் முறையில் அழைப்பு ஒன்றுக்குச் சுமார் 87 கேபிபிஎஸ் போதும். இருபது அழைப்பு ஓடினாலும் 2 எம்பிபிஎஸ் தாண்டாது. சிக்கல், அப்லோடு நிரம்பும்போது லைன்காரரின் பெட்டிக்குள் வரிசை நீண்டு, குரல் அதன் கடைசியில் நிற்பது. உங்கள் ரவுட்டரில் அப்லோடை உண்மையான வேகத்தில் 90 சதவீதத்துக்குக் கட்டி, அந்த வரிசை உங்கள் கைக்குள் இருக்கும்படி செய்து, குரலுக்கு முன்வழி கொடுங்கள். கேக், எஃப்.கியூ.-கோடல் போன்ற புதிய வரிசை முறைகள் பெட்டியில் இருந்தால் வேலை இன்னும் சுலபம். இப்படிக் கட்டுவது பிராசசரின் வேலை என்பதால் 4-ஆம் கேள்வியின் கணக்கு இதற்கும் பொருந்தும்.

15. நாங்க சின்னக் கம்பெனிங்க. எங்க ரவுட்டரை எவன் வந்து ஹேக் பண்ணப் போறான்?

உங்களைத் தேடி யாரும் வரமாட்டார்கள். இணையத்தில் உள்ள எல்லா முகவரிகளையும் இயந்திரம் தட்டிப் பார்க்கும்; திறந்திருக்கும் வீடு உங்களுடையதாக இருக்கும். 2018-இல் வி.பி.என்.ஃபில்டர் என்ற நச்சுநிரல் 50 நாடுகளுக்கு மேல், குறைந்தது 5 லட்சம் சாதனங்களில் புகுந்தது. அதே ஆண்டு மைக்ரோடிக்கின் நிர்வாக மென்பொருளான வின்பாக்ஸில் இருந்த ஓட்டைக்கு ஏப்ரலிலேயே திருத்தம் வந்துவிட்டது. புதுப்பிக்காத பெட்டிகள் ஏராளமாக அடுத்த மாதங்களில் பிடிபட்டன. 2023 அக்டோபரில் சிஸ்கோவின் ரவுட்டர் மென்பொருளான ஐ.ஓ.எஸ். எக்ஸ்.இ.யின் வெப் பக்கத்தில் வந்த ஓட்டைக்கு அபாய மதிப்பு பத்துக்குப் பத்து. விலை உயர்ந்த பெட்டி, விலை குறைந்த பெட்டி என்ற பேதம் இதில் இல்லை. மூன்று சம்பவத்திலும் இணையத்தைப் பார்த்து எதையோ திறந்துவைத்திருந்தவர்கள், புதுப்பிக்காமல் விட்டவர்கள் அதிகம் அடிபட்டார்கள்.

நிர்வாகப் பக்கத்தை வெளிப்புற போர்ட்டில் மூடுங்கள். வெளியிலிருந்து வேண்டுமென்றால் வி.பி.என். வழியாக வாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபர்ம்வேர் (பெட்டியின் உள் மென்பொருள்) புதிதாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் இதற்குச் சட்டக் கடமையும் உண்டு. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவுப்படி, குறிப்பிட்ட வகை இணையத் தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், கடிகாரங்களை என்.ஐ.சி. (தேசிய தகவலியல் மையம்) அல்லது என்.பி.எல். (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேர சர்வர்களோடு ஒத்திசைக்க வேண்டும். ரவுட்டர் தன் நினைவகத்தில் 180 நாள் லாக் வைக்காது. லாக்குகளைச் சேர்த்துவைக்கும் சிஸ்லாக் சர்வர் ஒன்றைப் பட்ஜெட்டில் சேருங்கள்.

16. ஸ்பேர் பெட்டியை அலமாரியில வெச்சாப் போதுமா, ரெண்டையும் ஓட்டணுமா?

அரை மணி நேரம் நின்றால் தாங்கும் இடத்தில் அலமாரி போதும். ஆனால் ஸ்பேரில் அதே ஃபர்ம்வேர், கடைசி கான்ஃபிக் இருக்க வேண்டும். தாங்காத இடத்தில் வி.ஆர்.ஆர்.பி. (ஒன்று விழுந்தால் இன்னொன்று பொறுப்பேற்கும் முறை) போட்டு இரண்டையும் ஓட்டினால் மூன்று நான்கு வினாடியில் கைமாறும். அதற்கு லைன் இரண்டு பெட்டிக்கும் வர வேண்டும், சந்தா இருமடங்காகலாம். எதைச் செய்தாலும் ரேக் அறையின் வெப்பத்தைப் பாருங்கள். பல சிறு ரவுட்டர்கள் 40 டிகிரி வரைக்கும்தான். ஏ.சி. இல்லாத மாடி அறை ஏப்ரல் மதியம் அதைச் சுலபமாகத் தாண்டும். எர்த்திங் சரியில்லாத இடத்தில் இரண்டு பெட்டியும் ஒரே இடியில் போகும். கட்டடம் விட்டுக் கட்டடம் செம்புக் கேபிள் இழுக்காமல் ஃபைபர் இழுங்கள்.

17. தூரத்துல இருக்கிற கிளை ரவுட்டர்ல செட்டிங் மாத்தினேன், நானே வெளிய பூட்டிக்கிட்டேன். இதுக்கு வழியே இல்லையா?

இருக்கிறது, பெட்டிக்குப் பெட்டி மாறும். ஜூனோஸில் கமிட் கன்ஃபர்ம்டு கொடுத்தால், 10 நிமிடத்துக்குள் மறுபடி உறுதி செய்யாவிட்டால் பழைய நிலைக்குத் தானே திரும்பும். மைக்ரோடிக்கில் சேஃப் மோடு. இணைப்பு அறுந்தால் செய்த மாற்றம் அழிந்துவிடும். சிஸ்கோவில் பழைய முறை, மாற்றும் முன் ரீலோட் இன் 10 என்று கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்குவது. எல்லாம் சரி என்றால் ரத்து செய்துவிட்டு சேமிப்பது. 150 கிலோமீட்டர் தள்ளிக் கிளை வைத்திருப்பவர்களுக்கு, இரண்டு மாடல்களும் சமமாக நிற்கும்போது இந்த வசதிதான் என் முடிவைத் தீர்மானிக்கும்.

18. சொந்த ஐபி வாங்கி பி.ஜி.பி. ஓட்டணும்னு ஆலோசகர் சொல்றார். முழு ரூட் டேபிளையும் தாங்கற பெட்டி வேணுமாம். அவசியமா?

வெளியிலிருந்து வாடிக்கையாளர் வந்து பயன்படுத்தும் சர்வர் உங்கள் இடத்தில் இருந்தால் பி.ஜி.பி. (உங்கள் முகவரிக்கு வரும் வழியை மற்ற நெட்வொர்க்குகளுக்கு அறிவிக்கும் முறை) நியாயமானது. லைன் மாறினாலும் முகவரி மாறாது. முகவரியும் ஏ.எஸ். எண்ணும் (உங்கள் நெட்வொர்க்கின் அடையாள எண்) இந்தியாவில் ஐரின் என்ற இணைய முகவரிப் பதிவு அமைப்பின் வழியாகக் கிடைக்கும். இணையம் முழுக்க ஏற்கப்படும் மிகச் சிறிய ஐபிவி4 துண்டு /24, அதாவது 256 முகவரிகள்.

முழு டேபிள், அதாவது இணையத்தின் எல்லா வழிகளின் பட்டியல், வேறு விஷயம். 2014 ஆகஸ்ட் 12 அன்று அது 5,12,000 என்ற வரம்பைத் தொட்டபோது, அவ்வளவுக்குத்தான் இடம் ஒதுக்கியிருந்த பழைய ரவுட்டர்கள் பல இடங்களில் தடுமாறின. இன்று அது சுமார் பத்து லட்சம். இரண்டு லைன் உள்ள அலுவலகத்துக்கு அத்தனையும் தேவையில்லை. இரண்டு லைன்காரரிடமும் டிஃபால்ட் ரூட்டும் (மற்ற எல்லா இடத்துக்கும் பொதுவான ஒரே வழி) அவர்களுடைய சொந்த ரூட்களும் மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். சின்னப் பெட்டியே தாங்கும், லட்சக்கணக்கில் மிச்சம்.

19. டெமோ பெட்டி கேட்டா கொடுப்பாங்களா? வாங்கி என்னத்தைச் சோதிக்கறது?

இரண்டு லட்சத்துக்கு மேல் வாங்குபவருக்கு விற்பனையாளர்கள் பொதுவாகக் கொடுப்பார்கள், கேட்க வேண்டும். ஒரு சனிக்கிழமை உங்கள் உண்மையான லைனில், உண்மையான விதிகளோடு மாட்டுங்கள். 3-ஆம் கேள்வியில் எழுதிவைத்த உச்சத்தை ஐபெர்ஃப் (வேகம் சோதிக்கும் மென்பொருள்) கொண்டு ஓட்டி, அப்போது பிராசசர் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 70-ஐத் தாண்டினால் அடுத்த மாடல். ஒரு லைனை ரவுட்டரில் பிடுங்காமல், லைன்காரரின் பெட்டியில் ஃபைபரைக் கழற்றி மாறுகிறதா என்று பாருங்கள். அந்த நேரத்தில் ஒரு போன் அழைப்பு ஓடட்டும். கான்ஃபிக்கை எடுத்து, பெட்டியை வெறுமையாக்கி, திரும்ப ஏற்றுங்கள். சப்போர்ட் எண்ணுக்கு ஒரு கேள்வியோடு போன் செய்து யார் எடுக்கிறார், எவ்வளவு நேரத்தில் என்று குறியுங்கள்.

கடைசியாகக் கரண்ட் பிளக்கைப் பிடுங்கி மறுபடி போடுங்கள். லைன், வி.பி.என்., போன் எல்லாம் யாரும் தொடாமல் திரும்ப எத்தனை நிமிடம் என்று கடிகாரம் பார்த்து எழுதுங்கள். ஒரு நிமிடத்தில் எழும் பெட்டியும் உண்டு, எட்டு நிமிடம் எடுப்பதும் உண்டு. கரண்ட் அடிக்கடி போகும் கிளைக்கு எதை அனுப்புவது என்று அந்தத் தாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.